பாலின் விலையும் சாணத்தின் கடனும்

பசு நமக்குத் தருபவற்றைச் சொல்லும்போது நம் முன்னோர் பாலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பால், தயிர், நெய், கோமயம், கோமூத்திரம் ஆகிய ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பஞ்சகவ்யம் என்று பெயரிட்டார்கள். இவற்றுள் முதல் மூன்றுக்கும் இன்று சந்தையில் விலை இருக்கிறது. பின்னிரண்டுக்கும் பூஜையறையில் மதிப்பு இருக்கிறது. ஆனால் நகரத்துப் பால் பண்ணையில் அந்தப் பின்னிரண்டும் பெரும்பாலும் சென்று சேரும் இடம் சாக்கடைதான்.

2020-ஆம் ஆண்டு, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை அடுத்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பால் பண்ணைகளுக்கும் கோசாலைகளுக்கும் உரிய சுற்றுச்சூழல் நெறிமுறைகளை வெளியிட்டது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் ஆகியவற்றின் வரம்புக்குள் மாட்டுத் தொழுவமும் தெளிவாகக் கொண்டுவரப்பட்டது. சாணத்தை வடிகாலிலும் நீர்நிலையிலும் சேர்க்கக் கூடாது. அதை உரமாகவோ, எரிவாயுவாகவோ, எரிகட்டையாகவோ மாற்ற வேண்டும். தொழுவம் கழுவிய நீரைச் சுத்திகரிக்காமல் வெளியே விடக் கூடாது என்பன அந்நெறிமுறைகளின் சாரம்.

இதைக் கேட்டவுடன் இரண்டு விதமான வருத்தங்கள் எழுந்தன. ஒன்று பக்தரின் வருத்தம். தெய்வத் திருமேனிக்கு அபிஷேகப் பொருளாகவும், வாசல் தெளிக்கும் நீரில் கரைவதாகவும், திருநீற்றுக்கு மூலமாகவும் விளங்கும் ஒரு பொருளைச் சட்டம் ‘கழிவு’ என்று எழுதலாமா? மற்றொன்று பண்ணைக்காரரின் வருத்தம். குழி வெட்டவும், தளம் போடவும், தொட்டி கட்டவும், ஆள் வைக்கவும், இசைவாணைக்குக் கட்டணம் செலுத்தவும் ஆகும் செலவை யார் தருவார்? பால் விலையை அவர் நிர்ணயிப்பதில்லை. தவிடும் பிண்ணாக்கும் விற்கும் விலையையும் அவர் நிர்ணயிப்பதில்லை. நடுவில் நிற்கும் அவர் தலையில் இந்தப் புதிய பாரமும் ஏற வேண்டுமா?

முதல் வருத்தத்துக்கு விடை எளிது. ஒரு பொருளின் தூய்மை அந்தப் பொருளுக்குள் மட்டும் அடங்கியதாக நம் தர்ம சாஸ்திரங்கள் கருதவில்லை. தேசம், காலம், பாத்திரம் ஆகிய மூன்றையும் சேர்த்தே அவை எதையும் எடை போட்டன. நெய் வேள்வித் தீயில் ஆஹுதி. அதே நெய் தரையில் சிந்தினால் துடைக்க வேண்டிய வழுக்கல். வயலில் விழுந்த சாணம் மண்ணுக்கு உணவு. அதே சாணம் ஓடையில் கலந்தால், அதை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. மீன்கள் மூச்சுத் திணறி மடிகின்றன. நிலத்தடியில் இறங்கும் நைட்ரேட், குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டினால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். சட்டம் கழிவு என்று சொல்வது கோமயத்தை இழிவுபடுத்துவதாகாது. அதை ஓடையில் தள்ளியவர் ஏற்கெனவே அதைக் கழிவாக்கிவிட்டார். சட்டம் அந்தச் செயலுக்குப் பெயர் வைக்கிறது, அவ்வளவே.

இரண்டாவது வருத்தம் அப்படி எளிதில் தீர்வதாக இல்லை. அதைத் தீர்க்க ஓர் இடத்தையாவது நேரில் பார்ப்பதுபோலப் பார்த்தாக வேண்டும்.

முதிய ஆறு

பஞ்சாபின் லூதியானா நகர் வழியாக ஓடும் நீரோடை ஒன்றுக்கு ‘புட்டா நாலா’ என்று பெயர். பகவான் புத்தருக்கும் இதற்கும் தொடர்பில்லை. புட்டா என்றால் பஞ்சாபி மொழியில் முதியவர். சட்லெஜ் நதி ஒருகாலத்தில் இந்நகரை ஒட்டி ஓடியதாகவும், பின்னர் அது வடக்கே விலகிச் செல்ல, அதன் பழைய தடம் இந்த ஓடையாக எஞ்சியதாகவும் கூறுவர். குரு நானக் இங்கு வந்தபோது அருளிய வாக்கினால்தான் நதி விலகியது என்பது சீக்கிய மரபு. அந்த வருகையின் நினைவாக ஓடைக் கரையில் ஒரு குருத்துவாரா இருக்கிறது. அதன் பெயர் ‘கௌ காட்’, பசுத்துறை. பசுக்கள் நீர் அருந்தும் துறையின் பெயரைத் தாங்கிய அந்தப் புண்ணியத் தலத்தின் வழியாகத்தான், பல்லாண்டுகளாகத் தொழுவங்களின் சாணம் கரைந்த நீர் கறுப்பாக ஓடியது.

லூதியானாவில் ஹைபோவால், தாஜ்பூர் சாலை ஆகிய இரண்டு இடங்களில் பெரிய பால் பண்ணை வளாகங்கள் இருக்கின்றன. இரண்டுமே இந்த ஓடைக்கு அருகில் அமைந்தவை. நகரத்துக்குக் காலையும் மாலையும் புதிய பால் வேண்டும். ஆகவே பசுவும் எருமையும் நகரத்தின் விளிம்பில் வந்து குடியேறின. தீவனம் கிராமத்திலிருந்து வண்டியில் வருகிறது. பால் நகரத்துக்குப் போகிறது. சாணம் திரும்பிக் கிராமத்துக்குப் போக வேண்டும். ஆனால் அந்தப் பயணத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. தொழுவத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுவது எளிது. உலர்ந்த நிலையில் அள்ளினால் சாணம் ஒரு சொத்து. நீரில் கரைந்துவிட்டால் அதை எடுத்துச் செல்லவும் முடியாது, எரிக்கவும் முடியாது, விற்கவும் முடியாது.

கணக்குப் பார்ப்போம். சுமார் 400 கிலோ எடையுள்ள ஆரோக்கியமான மாடு ஒன்று நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ வரை சாணமிடும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கையாளும் அளவு. அது 10 லிட்டர் பால் தருவதாகக் கொண்டால், ஒரு லிட்டர் பாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு கிலோ சாணம் இருக்கிறது. நூறு மாடுகள் நிற்கும் ஒரு கொட்டகையில் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு டன். இப்படிப் பல நூறு கொட்டகைகள் ஓர் ஓடையின் கரையில் வரிசையாக நின்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

புட்டா நாலாவின் நோய்க்குப் பால் பண்ணைகள் மட்டுமே காரணம் என்று சொல்வது அநீதி. சாயப்பட்டறைகளும் நகரத்தின் சாக்கடையும் அதில் கலந்தன. ‘எங்களை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்?’ என்று பண்ணைக்காரர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் மற்றொருவன் செய்யும் குற்றம் தன் பங்கைக் குறைத்துவிடாது. வலிப்பூர் என்னும் இடத்தில் நாலா சட்லெஜில் கலக்கிறது. சட்லெஜ் ஹரிகே என்னுமிடத்தில் பியாஸ் நதியோடு சேர்கிறது. அங்கிருந்து புறப்படும் கால்வாய்கள் பஞ்சாபின் மால்வா பகுதிக்கும் ராஜஸ்தானின் பாலைநிலத்துக்கும் நீர் கொண்டு செல்கின்றன. அங்கே அந்நீரைக் குடிக்கும் தாய்க்கு லூதியானாவின் தொழுவமும் தெரியாது, பால்காரரின் பெயரும் தெரியாது.

அரசு வாளாவிருந்தது என்றும் சொல்ல இயலாது. நாளொன்றுக்கு 235 டன் சாணத்தை உண்டு ஒரு மெகாவாட் மின்சாரம் தரக்கூடிய நிலையம் ஒன்று ஹைபோவாலில் 2000-களிலேயே அமைக்கப்பட்டது. ஆயினும் அது ஒன்றினால் நாலாவின் நிலை மாறிவிடவில்லை. 2020-இல் பல நூறு கோடி ரூபாய் மதிப்பில் நாலாவை மீட்கும் திட்டம் அறிவிக்கப்பட்டு, அதன் பகுதியாக இரு பண்ணை வளாகங்களுக்கும் தனித்தனியே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 60 லட்சம் லிட்டர் நீரைக் கையாளும் திறன் கொண்டவை. இவை தொழுவம் கழுவிய நீருக்காக ஏற்பட்டவை. கட்டிச் சாணத்துக்காக ஏற்பட்டவை அல்ல. சாணத்தை அள்ளாமல் குழாய்க்குள் தள்ளினால் எந்த இயந்திரமும் அடைத்துக்கொள்ளும். பல கோடி ரூபாயில் கட்டிய நிலையம் ஒழுங்காக இயங்குவது, விடியற்காலையில் மண்வெட்டியுடன் தொழுவத்தில் நிற்கும் ஒரு கூலியாளின் கையில் இருக்கிறது. அந்தக் கூலியை யார் தருவது என்ற கேள்விக்கே மறுபடியும் வந்துவிட்டோம்.

செலவு எப்போது பிறந்தது?

‘விதிமுறைகளால் ஏற்படும் செலவு’ என்று எல்லோரும் பேசுகிறோம். அந்தச் சொற்றொடருக்குள்ளேயே ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. விதிமுறை வருவதற்கு முன் செலவே இல்லை என்பதுபோல அது தொனிக்கிறது. உண்மையில் சாணம் ஓடையில் விழுந்த முதல் நாளே செலவு பிறந்துவிட்டது. அதை மீன் செலுத்தியது. கீழ்க்கரையில் பயிர் செய்தவர் செலுத்தினார். மருத்துவமனை வாசலில் குழந்தையோடு நின்ற தாய் செலுத்தினாள். செலுத்தியவர்கள் எவரும் ரசீது பெறவில்லை. ஆதலால் அது கணக்கில் வரவில்லை. விதிமுறை புதிய செலவைப் படைப்பதில்லை. தவறான முகவரிக்குப் போய்க்கொண்டிருந்த கணக்குச் சீட்டை உரிய முகவரிக்குத் திருப்பி அனுப்புகிறது.

1996-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளைக் குறித்துத் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்குரிய ஈட்டை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. 2010-இல் இயற்றப்பட்ட பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும் அக்கோட்பாட்டைப் பின்பற்றுமாறு தீர்ப்பாயத்துக்குக் கட்டளையிடுகிறது.

இங்கு ஒரு பூர்வபட்சத்தைக் கேட்டே ஆக வேண்டும். பொருளியல் அறிஞர் ரொனால்ட் கோஸ் 1960-இல் சமூகச் செலவு பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் கையாண்ட எடுத்துக்காட்டே மாட்டைப் பற்றியதுதான். ஒருவரின் மாடுகள் அடுத்தவரின் பயிரை மேய்கின்றன. மாட்டுக்காரர் பயிருக்குத் தீங்கு செய்கிறார் என்று நாம் உடனே சொல்லிவிடுகிறோம். கோஸ் சொல்கிறார்: தீங்கு இருபுறமும் பார்க்கத்தக்கது. மாட்டைத் தடுத்தால் மாட்டுக்காரருக்குத் தீங்கு. தடுக்காவிட்டால் உழவருக்குத் தீங்கு. இருவரும் எந்தச் சிரமமும் இன்றி உட்கார்ந்து பேரம் பேச முடிந்தால், சட்டம் யார் பக்கம் நின்றாலும் இருவருக்கும் அதிகப் பயன் தரும் ஏற்பாட்டுக்கே வந்து சேர்வார்கள்.

கூர்மையான வாதம். ஆனால் அதன் உயிர் ‘பேரம் பேச முடிந்தால்’ என்ற நிபந்தனையில் இருக்கிறது. அந்த நிபந்தனை நடைமுறையில் அரிது என்பதைக் கோஸே வலியுறுத்தியவர். ஹைபோவால் பண்ணைக்காரரும் ராஜஸ்தானத்துத் தாயும் எந்தத் திண்ணையில் சந்தித்துப் பேரம் பேசுவார்கள்? இன்னும் பிறக்காத குழந்தை யாரை அனுப்பிப் பேசும்? ஆற்று மீன் எந்த மொழியில் பேசும்? பேச வாயில்லாதவர்களின் பங்கை யாரோ ஒருவர் எடுத்துப் பேசியாக வேண்டும். அந்த இடத்தில்தான் சட்டம் தேவைப்படுகிறது. அதற்கும் முன்பே தர்மம் தேவைப்படுகிறது.

ஐந்து கொலைக்களங்கள்

மனு ஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம் இல்லறத்தானின் வீட்டில் ஐந்து கொலைக்களங்கள் இருப்பதாகக் கூறுகிறது. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரலும் உலக்கையும், தண்ணீர்க்குடம் ஆகியவை அவை. வாழ்வதற்காக ஒருவன் இவற்றைப் பயன்படுத்தும்போதெல்லாம் சிற்றுயிர்கள் மடிகின்றன. அவன் கொடியவன் என்பதால் இது நேரவில்லை. சமைக்காமலும் பெருக்காமலும் வாழ முடியாது என்பதால் நேர்கிறது. அதற்காக அடுப்பை அணைத்துவிடு என்று சாஸ்திரம் சொல்லவில்லை. தவிர்க்க முடியாததுதானே என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போகவும் விடவில்லை. தேவர்களுக்கும், ரிஷிகளுக்கும், பித்ருக்களுக்கும், மனிதருக்கும், மற்ற உயிர்களுக்கும் நாள்தோறும் செய்ய வேண்டிய ஐந்து வேள்விகளை விதித்தது. பெற்றுக்கொண்டு திருப்பித் தராமல் அனுபவிப்பவனைத் திருடன் என்றே கீதையின் மூன்றாம் அத்தியாயம் அழைக்கிறது.

இந்தச் சிந்தனையில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இங்கே கடன் என்பது தண்டனையாக வரவில்லை. குற்றம் செய்து பிடிபட்டவன் கட்டும் அபராதம் வேறு. வாழ்வதனாலேயே ஒருவன் பட்டிருக்கும் ரிணம் வேறு. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி தொழுவத்துக்குள் நுழையும்போது பண்ணைக்காரர் தம்மைக் குற்றவாளியாக உணர்கிறார். ஆகவே ஒளிக்கிறார், கெஞ்சுகிறார், சில இடங்களில் கையூட்டும் தருகிறார். கழிவைக் கையாளும் செலவை அவர் அபராதமாக அல்லாமல், தீவனச் செலவைப் போலத் தொழிலின் இயல்பான பகுதியாக நினைத்தால் அந்த உறவே மாறிவிடும். மாட்டின் வாய்க்குச் செலவிடுபவர் அதன் வாலுக்கும் செலவிட வேண்டியவர்தாம்.

ஆனால் இத்துடன் நின்றுவிட்டால் உபதேசம் பண்ணைக்காரரோடு முடிந்துவிடும். பாயசம் உண்டவர்கள் தப்பிவிடுவார்கள்.

ஐந்து கொலைக்களங்களும் யாருடையவை? உலக்கையைப் பிடித்தவள் ஒருத்தி; ஆனால் அந்தச் சோற்றை உண்டவர்கள் வீட்டார் அனைவரும். வேள்வி வீட்டின் பெயரால் நடக்கிறது. அதுபோல ஒரு லிட்டர் பாலுக்குப் பின்னால் நிற்கும் இரண்டு கிலோ சாணம், கறந்தவருடையது மட்டும் என்று எப்படிச் சொல்வது? காபி குடித்தவருக்கும், திருமஞ்சனத்துக்குக் குடம் குடமாகப் பால் வழங்கியவருக்கும் அதில் பங்கு இருக்கிறது. 1998 முதல் உலகிலேயே மிக அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா என்று நாம் பெருமை கொள்கிறோம். 2023-24-இல் அந்த உற்பத்தி 23.9 கோடி டன். பெருமை நாட்டுக்கு, சாணம் மட்டும் பண்ணைக்காரருக்கு என்பது நேர்மையான பங்கீடாகாது.

பால் சேகரிப்பு நிலையத்தில் நடப்பதைப் பாருங்கள். பாலில் எத்தனை விழுக்காடு கொழுப்பு, எத்தனை விழுக்காடு கொழுப்பற்ற திடப்பொருள் என்று நொடியில் அளந்து சொல்லும் கருவிகள் இருக்கின்றன. அந்த இரண்டு எண்களைக் கொண்டே விலை தீர்மானமாகிறது. அந்தப் பாலைத் தந்த மாட்டின் சாணம் குழிக்குப் போயிற்றா, ஓடைக்குப் போயிற்றா என்று அளக்கும் கருவி அங்கே இல்லை, கேட்பவரும் இல்லை. குழி வெட்டிப் பராமரிப்பவருக்கும் ஓடையில் தள்ளுபவருக்கும் ஒரே விலை. அப்படியானால் சந்தை ஒழுங்கானவரைத் தண்டிக்கிறது. ஓர் எடுத்துக்காட்டுக்காக, சாணத்தைக் கையாளக் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஆவதாக வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டருக்கு ஒன்றரை, இரண்டு ரூபாய் ஆகும். மூன்று எருமை வைத்திருப்பவருக்கு அதுவே அன்றைய லாபம் முழுவதுமாக இருக்கலாம். பாலை வாங்குபவருக்கோ அது தேநீர்க் கடையில் திரும்பிப் பெறாத சில்லறை.

அரிஸ்டாட்டில் நீதியை இரண்டாகப் பகுத்தார். ஒருவர் மற்றவருக்குச் செய்த தீங்கைச் சரிசெய்வது ஒன்று. பொதுவான நன்மைகளையும் சுமைகளையும் தகுதிக்கேற்பப் பங்கிடுவது மற்றொன்று. மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்பது முதல்வகை நீதி. அதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு புறப்படுபவர் இரண்டாவது வகையை மிதித்துவிட்டுப் போக நேரும். ஐந்து மாட்டுக்காரர் கட்டும் குழியின் செலவு, இருநூறு மாட்டுக்காரரின் செலவில் நாற்பதில் ஒரு பங்காக இருப்பதில்லை. இசைவாணைக்கு அலையும் நாட்கள் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. அவர்களுள் ஒருவருக்கு எழுத்தர் இருக்கிறார், மற்றவர் தாமே போக வேண்டும். எல்லோருக்கும் ஒரே விதி என்று சொல்லிச் சிறியவரைத் தொழிலிலிருந்து விலக்கிவிட்டால், அவருடைய மாடுகள் பெரியவரின் கொட்டகைக்குப் போகும். ஓரிடத்தில் மேலும் அதிக மாடுகள். வயலுக்கும் பசுவுக்கும் இடையே மேலும் அதிகத் தொலைவு. நோயைத் தீர்க்க வந்த மருந்து நோயின் மூலத்தையே வளர்த்துவிடும்.

இது ஏழை நாட்டின் சிக்கல் மட்டும் என்று எண்ண வேண்டாம். செல்வம் நிறைந்த நெதர்லாந்தில், மாட்டெருவிலுள்ள பாஸ்பேட்டுக்கு 2018 முதல் ஒவ்வொரு பால் பண்ணைக்கும் உரிம அளவு வகுக்கப்பட்டது. அந்த உரிமத்தை விற்கவும் வாங்கவும் செய்கிறார்கள். அடுத்த ஆண்டு நைட்ரஜன் மாசு பற்றி அந்நாட்டின் உயர் தீர்ப்பு மன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து விவசாயிகள் டிராக்டர்களில் அரசு இயங்கும் தி ஹேக் நகரை நோக்கித் திரண்டார்கள். அவர்கள் தண்ணீரை வெறுத்தவர்கள் அல்லர். பல்லாண்டுகளாகப் பெருக்கு, பெருக்கு என்று ஊக்குவித்துவிட்டு, திடீரென்று ஒருநாள் கணக்கை மட்டும் தங்கள் முன் வைக்கிறார்களே என்பதே அவர்களது கோபத்தின் அடிப்படை.

குரங்கும் தேனீயும்

தஞ்சாவூரில் பிறந்து, வார்தாவில் காந்தியடிகளின் கிராமத் தொழில் பணியைத் தாங்கி நின்ற ஜே. சி. குமரப்பா, ஜபல்பூர்ச் சிறையில் எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல் 1945-இல் காந்தியடிகளின் முன்னுரையோடு வெளிவந்தது. இயற்கையிலுள்ள வாழ்முறைகளை அவர் அதில் படிப்படியாக வகைப்படுத்துகிறார். மாந்தோப்பில் புகுந்த குரங்கு தோப்புக்கு எதுவும் செய்யாமல் பழத்தைத் தின்றுவிட்டுப் போகிறது. தேனீயும் பூவிலிருந்து எடுக்கிறது. ஆனால் எடுக்கும் அதே செயலில் மகரந்தத்தைச் சேர்த்துப் பூவைக் காயாக்கிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, பலனை எண்ணாமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை.

இந்த அளவுகோலால் பஞ்சாபை ஒருமுறை நோக்கலாம். அக்டோபர், நவம்பர் மாதங்களில் அறுவடைக்குப் பின் நெல் வைக்கோல் வயலிலேயே எரிக்கப்படுகிறது. கோதுமை வைக்கோலை மாட்டுக்குச் சேமிக்கும் அதே உழவர், மாடுகள் விரும்பாத நெல் வைக்கோலுக்குத் தீ வைக்கிறார். மண்ணில் அங்ககச் சத்து குறைந்துகொண்டே வருகிறது. அதை ஈடுகட்ட யூரியா மூட்டை மூட்டையாக வருகிறது. அந்த மண்ணுக்கு வேண்டிய சாணம் சில மைல்களுக்கு அப்பால் நாலாவில் கரைந்து, கீழ்க்கரையில் குடிநீரைக் கெடுக்கிறது. வைக்கோல் நெருப்பில், சாணம் நீரில், காசு உரக்கடையில். இந்த ஏற்பாட்டில் எவருக்கும் லாபம் இல்லை. இருந்தும் அது தொடர்கிறது. ஏனெனில் சாணத்தைத் தொழுவத்திலிருந்து வயலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சில மைல் தூரம் யாருடைய கடமையும் ஆகாமல் கிடக்கிறது.

அந்தத் தூரத்தைக் கடந்தவர்கள் இருக்கிறார்கள். குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்தில் ஜக்கரியாபுரா, முஜ்குவா ஆகிய கிராமங்களில் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியத்தின் உதவியோடு பெண்கள் வீட்டுக் கொல்லைகளில் சிறு சாண எரிவாயுக் கலன்களை அமைத்தார்கள். எரிவாயு அடுப்புக்கு வருகிறது. கலனிலிருந்து வெளியேறும் கரைசலைத் தம் வயலுக்கு இட்டது போக எஞ்சியதை விற்கிறார்கள். முஜ்குவாவில் அதற்கென்றே பெண்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று உண்டு. பனாஸ்காண்டா மாவட்டத்தில் பால் ஒன்றியமே உறுப்பினர்களிடமிருந்து சாணத்தைக் கிலோ ஒரு ரூபாய்க்கு வாங்கி வாகன எரிவாயு தயாரிக்கும் ஆலையை நிறுவியது. பாலை எப்படி வீடு வீடாகச் சேர்த்து ஒன்றாக்கினார்களோ அப்படியே சாணத்தையும் சேர்க்கும் முயற்சி இது. தனியொருவருக்குப் பாரமானது நூறு பேர் சேர்ந்தபோது வருவாயானது.

ஆனால் இவை கிராமங்கள். மாட்டுக்குப் பக்கத்திலேயே வயல் இருக்கிறது. லூதியானாவின் பண்ணை வளாகத்தில் இதே வழி அப்படியே செல்லுபடியாகாது. அங்கே சாணத்தை வெகுதூரம் சுமந்து செல்ல வேண்டும். அந்தச் சுமைகூலி ஒருபோதும் முழுவதுமாக வருவாயால் ஈடாகாது என்பதே உண்மைக்கு அருகில் நிற்கிறது. சாணத்திலிருந்து பொன் எடுக்கலாம் என்று மேடைகளில் பேசுவது கேட்க இனிமையாக இருக்கும். பொன் வராத இடத்திலும் சாணத்தை அள்ளித்தான் ஆக வேண்டும். அங்கே கூலியை நகராட்சியும், பால் ஒன்றியமும், பாலை வாங்குபவரும், பண்ணைக்காரரும் பகிர்ந்துகொள்வதைத் தவிர வேறு நேர்வழி தென்படவில்லை. பெரிய பண்ணைகளுக்கு முதலிலும், சிறியவற்றுக்கு அவகாசமும் உதவியும் தந்த பிறகும் விதியைக் கண்டிப்பாக்குவதும் அந்தப் பகிர்வின் ஒரு பகுதியே.

பஞ்சாபிலேயே மற்றொரு வழியையும் காட்டியவர் ஒருவர் உண்டு. சுல்தான்பூர் லோதியில் குரு நானக்கின் வாழ்வோடு பிணைந்த காலி பேயீ என்னும் சிற்றாறு 160 கிலோமீட்டர் நீளமும் சாக்கடையாகிக் கிடந்தது. சந்த் பல்பீர் சிங் சீச்சேவால் 2000-ஆம் ஆண்டு தொண்டர்களுடன் அதில் இறங்கினார். சீக்கிய மரபில் ‘கார் சேவை’ எனப்படும் உடலுழைப்புத் தொண்டாக ஆகாயத் தாமரையைப் பிடுங்கி, சேற்றை அள்ளி, ஆண்டுக்கணக்கில் உழைத்து அதை மீட்டார்கள். பின்னர் அவரும் தொண்டர்களும் புட்டா நாலாவின் கரைகளிலும் பணியில் இறங்கினார்கள். அங்கே அவர்கள் அள்ள வேண்டியிருந்தவற்றுள் பண்ணைச் சாணமும் ஒன்று. கழிவுநீர் ஓடை என்று பொருள்படும் ‘நாலா’ என்ற சொல்லை விட்டுவிட்டு, ஆறு என்று பொருள்படும் ‘தரியா’ என்ற சொல்லால் அதை அழைப்பதும் அங்கே பரவியிருக்கிறது.

கோசாலையின் வாசலில்

இந்த விவாதத்தை லூதியானாவிலேயே விட்டுவிட்டு வந்துவிட முடியாது. 2020-ஆம் ஆண்டின் நெறிமுறைகள் பால் பண்ணைகளோடு கோசாலைகளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. ஆசிரமங்களும் மடங்களும் கோவில்களும் நடத்தும் கோசாலைகள் நாடெங்கும் உள்ளன. வயதான, பால் வற்றிய பசுக்களை அவை தாங்குகின்றன. பால் விற்ற காசு அவற்றுக்கு இல்லை. ஆனால் பால் வற்றிய பசுவும் சாணமிடுவதை நிறுத்துவதில்லை.

அங்கே வரும் அன்பர் ஒருவர் என்ன தருகிறார்? ஒரு நாள் தீவனத்துக்குத் தருகிறார். பிறந்தநாளில் அகத்திக்கீரைக் கட்டு கொண்டுவருகிறார். கொட்டகைக்குக் கூரை போட்டுத் தந்து கல்வெட்டில் பெற்றோர் பெயரைப் பொறிக்கிறார். இவை யாவும் போற்றத்தக்கவை. எருக்குழிக்குத் தளம் போட்டுக் கொடுத்துக் கல்வெட்டு வைத்துக்கொண்டவர்களைக் காண்பது அரிது. கோபூஜையன்று பசுவின் பின்புறத்தில் லக்ஷ்மி வாசம் செய்வதாகச் சொல்லி அங்கே மஞ்சளும் குங்குமமும் இடுகிறோம். அன்றைக்குத் தொழுவத்தைக் கழுவிய நீர் எந்த வழியாக வெளியேறுகிறது, மதில் சுவருக்கு அப்பால் அது யாருடைய கிணற்றுக்குப் பக்கத்தில் தேங்குகிறது என்று நிர்வாகியிடம் கேட்பதும் அந்தப் பூஜையில் சேரும். கேட்டால் அவர் சற்றுத் தயங்கக்கூடும். குழி வெட்ட இடம் இருக்கிறது, பணம்தான் இல்லை என்றும் சொல்லக்கூடும். அப்போது கீரைக்கட்டோடு நிற்கும் அன்பர், அந்த ஆண்டுக் காணிக்கையை எதற்கு எழுதிக் கொடுப்பது என்று அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம்.